கம்பிக்குப் பூட்டு எதற்கு?

ஓர் ஆய்வகத்தின் தரத்தை அளக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அங்குள்ள விலையுயர்ந்த கருவிகளையே எண்ணுகிறார்கள். ஆசிலாஸ்கோப் எத்தனை, எந்த நாட்டிலிருந்து வந்தவை, எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டு வியக்கிறார்கள். அந்தக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். என்னைக் கேட்டால், வேலை மேசையருகே சென்று ஒரு முழம் கம்பியும் ஒரு சாண் சால்டரும் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள் என்பேன். எத்தனை நிமிடத்தில் அவை கைக்கு வந்து சேர்கின்றன? யார் யாரிடம் கேட்க வேண்டியிருக்கிறது? எத்தனை கையெழுத்து? அந்த ஆய்வகத்தில் மாணவன் வேலை செய்கிறானா, வேலை செய்வதை வேடிக்கை பார்க்கிறானா என்பது இதிலேயே விளங்கிவிடும்.

(பற்றவைக்கும் ஈயத்தைப் ‘பற்றாசு’ என்று அகராதி சொல்லும். அழகான சொல்தான். ஆனால் நம் மேசைகளில் வழங்குவது சால்டர் என்ற சொல்லாகையால் நானும் அப்படியே எழுதிக்கொண்டு போகிறேன். தமிழன்பர்கள் பொறுத்தருள்க.)

நம் ஆய்வகங்களில் கம்பிக்கு இரண்டு கதிகள்தாம் உண்டு. ஒன்று, பூட்டிய அலமாரி. மற்றொன்று, சிக்குப் பிடித்த இழுப்பறை. அலமாரியின் சாவி ஒருவரிடம் இருக்கும். அவர் உணவுக்குப் போயிருப்பார், அல்லது விடுப்பில் இருப்பார். இழுப்பறையைத் திறந்தாலோ, சிவப்பும் கறுப்பும் மஞ்சளும் பின்னிப் பிணைந்து கிளிக்கூடு போல் ஒரு உருண்டை. அதற்குள் எங்கோ சால்டர் சுருளின் வால் தெரியும். ஒரு முழம் வேண்டி இழுத்தால் முழு உருண்டையும் கூடவே எழுந்து வரும்.

இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று எண்ண வேண்டா. ஒன்றுக்கொன்று தாயும் பிள்ளையும் போன்றவை. அலமாரி பூட்டியிருப்பதால், அது திறக்கும் நாளில் மாணவர்கள் வேண்டியதற்கு மேல் வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள். நாளைக்குச் சாவி கிடைக்குமோ, கிடைக்காதோ! மிஞ்சியதை இழுப்பறையில் திணிக்கிறார்கள். திணித்தது சிக்காகிறது. சிக்கைக் கண்ட மேலோர், “பார்த்தீர்களா, எவ்வளவு வீண்!” என்று இரண்டாவது பூட்டும் போடுகிறார்கள். பூட்டு சிக்கை வளர்க்கிறது. சிக்கு பூட்டை வளர்க்கிறது.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: கம்பியும் சால்டரும் மேசைமேல் எல்லோர் கைக்கும் எட்டும்படி திறந்த சட்டத்தில் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தை மாணவர்களாகிய நாமே செய்துகொள்ள வேண்டும்.

இது சின்னஞ்சிறு செய்தி, இதற்கு ஒரு கட்டுரையா என்று சிலர் நகைக்கக்கூடும். வீட்டிலேயே கருவிகள் உள்ளவர்களுக்கு இது சின்னஞ்சிறு செய்திதான். நகரத்தில் வளர்ந்த நண்பர் ஒருவர் பத்து வயதில் சால்டரிங் அயர்ன் பிடித்தவர். கையைச் சுட்டுக்கொண்டதும், கம்பியை வீணாக்கியதும், பலகையைக் கரித்ததும் எல்லாம் வீட்டிலேயே முடிந்துவிட்டன. கல்லூரிக்கு வரும்போதே அவர் கை பழகிய கை. தோட்டத்து லயத்திலிருந்தும், கடலோரக் குடியிருப்பிலிருந்தும், எல்லைப்புறச் சிற்றூரிலிருந்தும் வருகிற நம்மில் பலர் முதன்முதலாக அயர்னைத் தொடுவதே இங்கேதான். நாங்கள் எங்கே கெடுத்துப் பழகுவது? கெடுக்காமல் பழகிய தொழில் உலகில் ஏதாவது உண்டா? பூட்டிய அலமாரி எல்லோருக்கும் பொதுவான தடை போலத் தோன்றும். உண்மையில் அது யாருக்கு வேறு வழியில்லையோ அவர்களை மட்டுமே தடுக்கிறது.

சரி, எதைக் காப்பாற்றுவதற்காக இந்தப் பூட்டு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒற்றைச் செப்புக் கம்பி 100 மீட்டர் எடுத்துக்கொண்டால் அதில் உள்ள செம்பு ஏறக்குறைய கால் கிலோ. ஒரு சாண் துண்டில் அரை கிராம் அளவுதான் தேறும். ஒரு மாணவன் நாள் முழுவதும் வெட்டி வெட்டி எறிந்தாலும் ஐம்பது கிராம் செம்பை வீணாக்குவது கடினம். அந்த அரை கிராமைக் காக்க முப்பது மாணவர்கள் அரை மணி நேரம் வாசலில் நிற்கிறார்கள். இது சிக்கனமா, தோழர்களே?

நான் போனக்காட்டில் பிறந்தவன். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் மலையேறினால் வண்டி நின்றுவிடும் இடம் அது. அதற்கு மேல் காடு. காட்டுக்கு மேல் அகத்தியமலை. எங்கள் முன்னோர் பாண்டி நாட்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள். தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்கள் ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அது ஓடிய காலத்தின் அடையாளமாக லயத்து வீடுகளில் தேயிலைப் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. மெல்லிய ஒட்டுப்பலகை, ஓரங்களில் தகரப் பட்டை, உள்ளே ஈயநிறத்து அலுமினியத் தாள். தேயிலை இப்போது காகித மூட்டைகளில் போகிறது. பழைய பெட்டியோ துணிப்பெட்டியாகவும், அரிசிப்பெட்டியாகவும், பிள்ளைகள் எழுதும் மேசையாகவும் பிழைத்துக்கொண்டிருக்கிறது. காய்ந்த தேயிலை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். அதனால்தான் உள்ளே தாளொட்டி ஈரம் புகாமல் செய்தார்கள். எங்கள் மலையிலும் இந்த நகரத்திலும் மழைக்காலம் வந்துவிட்டால் அட்டைக் கண்டு ஊறிப் பெருத்துவிடுகிறது, திறந்து கிடக்கும் செம்பு முனை கறுத்துவிடுகிறது, கறுத்த முனையில் சால்டர் ஒட்ட மறுக்கிறது. கம்பிக்கும் சால்டருக்கும் இதைவிடப் பொருத்தமான வீடு எந்தக் கடையில் விற்கிறது?

அந்த மலையின் பெயரைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. திருவனந்தபுரம் வானாய்வகத்தின் தலைவராக இருந்த ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1855இல் அகத்தியமலை உச்சியில் காந்த ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். வண்டி போகாத காடு. கருவிகள் மேலே போனது மனிதத் தோளில்தான். அந்நாளில் ஏழையின் தோளுக்குக் கருவியைச் சுமக்கும் உரிமை இருந்தது. அவன் கைக்கு அதைத் திறந்து பார்க்கும் உரிமை இல்லை. இன்று நாம் எம்.எஸ்ஸி. வகுப்பில் உட்கார்ந்திருக்கிறோம். இப்போதும் ஒரு முழம் கம்பிக்குச் சாவிக்காரரின் முகம் பார்க்க வேண்டியிருந்தால், தோளிலிருந்து கைக்கு வரும் தொலைவை நாம் இன்னும் முழுவதும் கடக்கவில்லை என்றுதானே பொருள்?

நிற்க. சட்டம் செய்யும் முறைக்கு வருவோம். கம்பி ஏன் சிக்காகிறது என்பதைப் புரிந்துகொண்டால் சட்டத்தின் வடிவம் தானாகவே விளங்கும்.

ஒரு கண்டை மேசைமேல் அசையாமல் நிற்க வைத்து, மேல்புறமாகக் கம்பியை இழுத்துப் பாருங்கள். சுற்றுக்கு ஒரு முறுக்கு வீதம் கம்பியில் ஏறும். இருபது சுற்று இழுத்தால் இருபது முறுக்கு. முறுக்கேறிய கம்பி தளர்ந்தவுடன் வளையமாகச் சுருளும். வளையத்தை இழுத்தால் கொக்கி போல் மடியும். மடிந்த இடத்தை நிமிர்த்தினால் செம்பு அங்கே இறுகிக் கடினமாகும். மறுபடி மடிந்தால் உள்ளே முறியும். வெளியே பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கும்! கண்ணுக்கு நல்ல கம்பி, மின்னோட்டத்துக்கு அறுந்த கம்பி. சுற்று வேலை செய்யவில்லை என்று டிரான்சிஸ்டரைக் கழற்றி, மின்தடையை மாற்றி, பேராசிரியரையும் அழைத்துவந்து மூன்று மணி நேரம் தேடிய குற்றவாளி இத்தகைய ஒரு துண்டுக் கம்பியாக இருப்பதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! இனாமல் பூசிய காயில் கம்பியாக இருந்தால் கேடு இன்னும் பெரிது. மடிப்பில் இனாமல் வெடித்துவிடும். சுற்றி முடித்த காயிலுக்குள் இரண்டு சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்.

கண்டு தன் அச்சில் தானே சுழன்று கம்பியை விட்டுக்கொடுத்தால் இந்த முறுக்கு ஏறாது. இது நான் கண்டுபிடித்த உண்மையன்று. நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குப் பேச்சு வருமுன்பே தெரிந்த உண்மை. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே பாலராமபுரம் இருக்கிறதே, அவ்வூர் நெசவு யாருடையது என்று எண்ணுகிறீர்கள்? 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர்கள் நிலைநாட்டிய தொழில் அது. நம்மைப் போலவே பிழைப்புக்காக இடம் பெயர்ந்து வந்தவர்கள். பாவு ஓட்டும்போது நூற்கண்டுகளைக் கம்பிகளில் கோத்துச் சட்டத்தில் வரிசையாக மாட்டுவார்கள். இழுக்க இழுக்கக் கண்டு சுழலும். இழை ஒன்றையொன்று தொடாமல் வரும். மெல்லிய பருத்தி இழைக்கு இவ்வளவு மரியாதை செய்யத் தெரிந்த இனம், செப்புக் கம்பியை இழுப்பறையில் திணிப்பது என்ன நியாயம்?

தேயிலைப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். திறந்த வாய் உங்களைப் பார்க்கட்டும். இரு பக்கப் பலகைகளிலும் நேருக்கு நேராகத் துளையிட்டு, உடைந்த குடையின் நடுத்தண்டைக் குறுக்கே செலுத்துங்கள். (கேரளத்து மழையில் உடைந்த குடைக்கா பஞ்சம்!) அந்தத் தண்டில் கண்டுகளைக் கோத்துவிடுங்கள். சைக்கிள் சக்கரக் கம்பியால் செய்தவர்களும் உண்டு. அது நிறைந்த கண்டின் பாரத்தில் வளைந்துவிடும், சிறு கண்டுகளுக்கு மட்டும் ஏற்றது. கனத்த கண்டுகள் கீழ்த்தண்டில் இருக்கட்டும், மெலிந்தவை மேலே.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கண்டு மிகவும் எளிதாகச் சுழன்றாலும் தொல்லைதான். வெடுக்கென்று இழுத்துவிட்டு நிறுத்தினால் கண்டு நிற்காமல் ஓடி, நாலு சுற்றைத் தளர்த்தித் தொங்கவிடும். ஆகவே கண்டுக்கும் கண்டுக்கும் இடையில், தேய்ந்துபோன ரப்பர்ச் செருப்பில் வெட்டிய வளையம் ஒன்றைச் செருக வேண்டும். அந்த உராய்வே பிரேக். முன்புறம் ஒரு மெல்லிய பட்டிகை அடித்து, கண்டுக்கு ஒன்றாகத் துளையிட்டு, உப்புத்தாளால் வழவழப்பாக்கி, கம்பி முனைகளை அதன் வழியே வெளியே விடுங்கள். முனை மறுபடி உள்ளே ஓடிவிடாமல் துணி உலர்த்தும் கிளிப் ஒன்று போதும். பட்டிகையின் ஓரத்தில் அங்குலமும் சென்டிமீட்டரும் கோடிட்டுவிட்டால் அளவுகோல் தேடி அலைய வேண்டாம்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளுக்கு மூங்கில் கணுக்கள். கணுவுக்குக் கீழே அறுத்தால் அடி மூடிய குவளை இயற்கையாகவே கிடைத்துவிடுகிறது. விரல் நீளத்துக்கு ஒன்று, சாண் நீளத்துக்கு ஒன்று, முழ நீளத்துக்கு ஒன்று. புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் இந்தக் குவளைகளில் கை வைக்கட்டும். கண்டை வெட்டும் அச்சம் அவர்களுக்கு இராது. முடியைப் போன்ற மெல்லிய இனாமல் கம்பியை மட்டும் இந்தச் சட்டத்தில் மாட்ட வேண்டாம். 36 கேஜ் கம்பியின் தடிப்பு 0.19 மில்லிமீட்டர்தான், செருப்பு ரப்பரின் பிடிப்பை அது தாங்காது. அதற்குத் தனியே ஒரு மூடிய டப்பா.

சால்டரைப் பற்றி இன்னும் அக்கறையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று நம் மேசைகளில் இரண்டு வகைச் சால்டர் புழங்குகிறது. ஒன்று 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த பழைய வகை. 183 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கும். மற்றது காரீயம் இல்லாத புதிய வகை. பெரும்பகுதி வெள்ளீயம், சிறிது வெள்ளியும் செம்பும். உருக 217 பாகைக்கு மேல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு புதிய வகை பரவிற்று. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே இழுப்பறையில் கிடந்தால், சீட்டுக் கிழிந்துபோன சுருள் எது என்று யாரால் சொல்ல முடியும்? சூடு போதவில்லை என்று அயர்னைக் குறை கூறுவோம். கையில் இருப்பது வேறு உலோகம். ஆதலால் சால்டருக்குச் சட்டத்தின் இரு கோடிகளிலும் தனித்தனி இடம் வேண்டும். காரீயம் உள்ளதற்குச் சிவப்புச் சாயம் பூசிய தண்டு. மேசையில் கையோடு வைத்துக்கொள்ளச் சிறிதளவு சால்டரைப் பென்சிலில் சுருளாகச் சுற்றி, பழைய பேனாக் கூட்டில் செருகி, நுனித்துளை வழியே முனையை வெளியே இழுத்துக்கொள்ளலாம். விரலும் சால்டரைத் தொடாது.

விரல் தொடக் கூடாது என்பதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பற்றவைக்கும் சூட்டில் காரீயம் ஆவியாகி மூக்கில் ஏறுவதில்லை. எழும் புகை உள்ளிருக்கும் குங்கிலியத்தின் புகை, மூச்சுக்கு அதுவும் கேடுதான், காற்றோட்டம் வேண்டும். காரீயம் உடம்புக்குள் போகும் வழி விரல், விரலிலிருந்து சோற்றுக்கு. அதனால் இந்தச் சட்டத்தில் தின்பண்ட டப்பா எதுவும் கூடாது. பிஸ்கட் டப்பா வீண்போகக் கூடாதே என்று சால்டர் துண்டுகளைப் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு ஒருநாள் அதே டப்பா விடுதி அறையில் முறுக்கு வைக்கப் போய்விடுகிறது! அகப்பட்டதையெல்லாம் பயன்படுத்துவது திறமைதான். ஆனால் மேசைக்கு வந்த டப்பா சமையலறைக்குத் திரும்பக் கூடாது. சிந்திய சால்டர் மணிகளை மூடியுள்ள தகரக் குப்பியில் சேர்த்து வையுங்கள். குப்பையோடு பெருக்கித் தள்ளாதீர்கள். பெருக்குகிற அம்மாவின் கையும் கைதான்.

எதிர்ப்புகள் வரும். வரட்டும்.

“திறந்து வைத்தால் திருடுவார்கள்” என்பது முதல் எதிர்ப்பு. சிலர் எடுத்துப் போகத்தான் செய்வார்கள். விடுதி அறைக்குக் கம்பி கொண்டுபோய் இரவெல்லாம் ரேடியோ கட்டுகிற மாணவனைத் திருடன் என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. மல்டிமீட்டரைப் பூட்டுங்கள், விலை உயர்ந்த ஐ.சி.க்களை எண்ணிக் கொடுங்கள். தீர்ந்துபோவதற்கென்றே வாங்குகிற பொருளைத் தீராமல் காப்பது எந்தக் கணக்கில் சேரும்?

இரண்டாவது எதிர்ப்பு கொஞ்சம் கனமானது. “பணம் ஒதுக்க வேண்டியவர்கள் ஒதுக்கட்டும். நீ ஏன் பழைய பெட்டியையும் உடைந்த குடையையும் காட்டி ஏழ்மைக்கு மாலை போடுகிறாய்?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. தும்பாவில் 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் பறந்ததையும், அக்காலத்தில் ராக்கெட் உறுப்பைச் சைக்கிளில் கொண்டுபோனதையும் மேடைதோறும் கேட்டுக் கேட்டு எனக்கும் சலித்துவிட்டது. சைக்கிள் இருந்ததால் ராக்கெட் பறக்கவில்லை. வாங்க வேண்டியதை வாங்கத்தான் வேண்டும். நல்ல சால்டர், சூடு கட்டுப்படும் அயர்ன், புகை இழுக்கும் விசிறி ஆகியவற்றைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. அதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. சட்டத்தை மட்டும் நாமே செய்ய வேண்டும் என்பதற்குக் காரணம் காசன்று. கடையில் வாங்கிய தட்டு யாரோ ஒருவரின் மேசைக்குச் செய்தது. நம் கண்டின் அளவும் அதற்குத் தெரியாது, நம் மழையும் தெரியாது. அதைவிட முக்கியம், வாங்கியது பதிவேட்டில் ஏறும். பதிவேட்டில் ஏறியதற்குப் பூட்டு வரும். குடைத்தண்டையும் செருப்பு ரப்பரையும் எந்தப் பதிவேட்டில் எழுதுவார்கள்?

கையால் செய்வது அறிவியலுக்குத் தாழ்ந்ததன்று என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1831 ஆகஸ்ட் 29 அன்று மைக்கேல் பாரடே ஆறு அங்குல இரும்பு வளையத்தில் செப்புக் கம்பியைச் சுற்றி மின்தூண்டலைக் கண்டார். சுற்றுகள் ஒன்றையொன்று தொடாதிருக்க அவர் இட்டது சணலும் காலிகோத் துணியும். அவர் கொல்லர் மகன், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர் என்பதை மறக்க வேண்டாம். கல்கத்தா பிரெசிடென்ஸி கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ் மின்னலைகளின் தளத்தைத் திருப்ப முறுக்கிய சணலைப் பயன்படுத்தினார். ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே ஈயத்தாள் வைத்து அலையை வடிகட்டினார். கருவி வாங்கப் பணமில்லாமையால் மட்டும் இவர்கள் இப்படிச் செய்யவில்லை. அன்று அக்கருவிகளை விற்கும் கடையே உலகில் இல்லை. புதிதாக எதையாவது செய்யப் புகுந்தால் நமக்கும் ஒருநாள் கடை இல்லாமற் போகும். அந்த நாளுக்குக் கை பழகியிருக்க வேண்டாமா?

நம் மன்றம் ஆண்டுதோறும் விழாவுக்குத் தோரணம் கட்டுகிறது, பேச்சுப் போட்டி நடத்துகிறது. நன்று. அவற்றோடு ஒரு சனிக்கிழமைப் பிற்பகலை இதற்கு ஒதுக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். துறைத்தலைவரிடம் முன்னரே சொல்லி, மேசையில் இடம் கேட்டு வைக்க வேண்டும். மறுக்கமாட்டார் என்றே நம்புகிறேன். மறுத்தால் மன்ற அறையிலேயே முதற்சட்டம் நிற்கட்டும். வேதியியல் நண்பர்களும் தமிழிலக்கிய நண்பர்களும்கூட வரலாம். துளையிடவும் உப்புத்தாள் தேய்க்கவும் பட்டம் தேவையில்லை. எங்கள் வீட்டில் பழைய தேயிலைப் பெட்டிகள் இரண்டு இருக்கின்றன. அம்மாவிடம் கேட்டு, உள்ளிருக்கும் துணிகளுக்கு வேறு வழி செய்துவிட்டு, அடுத்த முறை ஊரிலிருந்து வரும்போது வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். உடைந்த குடைகளைச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு.